லேபிள் வண்டியின் முன்சீட்டு

முட்டி தேய்ந்துபோய், மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி வைத்துக்கொண்டிருக்கும் என் வயசுக்காரர்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். சின்னவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். போன மாதம் ஏழாயிரம்பண்ணையில் ஒரு கல்யாணம். விருதுநகரிலிருந்து மகன் காரில் கூட்டிப் போனான். சாத்தூரில் என் அத்தை மகள் ஏறிக்கொண்டாள். அதுவரை முன்னால் உட்கார்ந்து வந்தவள் நான். அவளுக்கு முதுகு வலி என்று சொல்லி, மகன் என்னை இறக்கிப் பின்னால் உட்கார வைத்துவிட்டு அவளுக்கு முன்கதவைத் திறந்துவிட்டான். வெறும் கார் சீட்டுதான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் எரிந்தது. பொய் சொல்வானேன்.

வயசானால் இதெல்லாம் அடங்கிவிடும் என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அடங்கவில்லை. இந்த எரிச்சல் எங்கே ஆரம்பித்தது என்பதுகூட எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஐந்தாவது முடித்து ஆறாவதுக்குக் காத்திருந்த கோடை அது.

அப்பா சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் டிரைவர். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு போய் ஊர் ஊராக இருக்கும் கம்பெனிகளில் இறக்குவது அவர் வேலை. தூசியோ ஈரமோ பட்டால் லேபிள் வீண் என்பதால் வண்டியின் பின்பக்கம் முழுக்கத் தகரக் கூண்டு. கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. முன்னால் அப்பாவின் சீட், நடுவில் தொட முடியாமல் சூடேறும் இன்ஜின் பெட்டி, அதற்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு சீட். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அந்தச் சீட் என்னுடையது. ரெக்ஸின் கிழிந்து தேங்காய் நார் வெளியே நீட்டிக்கொண்டு தொடையைக் குத்தும். குத்தட்டும் என்று இருப்பேன். பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் நாளில் அப்பா பீடியைத் தொடமாட்டார். கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வார். டீசல், அச்சு மை, கிராம்பு மூன்றும் சேர்ந்த அந்த வாசனை இப்போதும் எனக்கு அப்பாவின் வாசனைதான்.

அந்தக் கோடையில் அத்தை இரண்டாவது பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவள் மகளும். ஆலங்குளத்துக்காரி, அவள் அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. என்னைவிட ஒரு வயசு இளையவள். எலி வால் மாதிரி ரெட்டைச் சடை, தோளில் ஒரு துணிப்பை. அந்தப் பைக்குள் கல், இறகு, உடைந்த கண்ணாடி வளையல், தீப்பெட்டிப் படம் என்று குப்பை. முதல் நாள் வண்டி கிளம்பும்போதே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நீ பெரியவ தாயி. பின்னால உக்காந்து கட்டு சரியாமப் பாத்துக்க. அவ சின்னப் புள்ள, வேடிக்கை பாத்துக்கிட்டு வரட்டும்."

எனக்குப் பொறுப்புக் கொடுத்ததாக அவர் நினைத்தார். இன்றைக்கு யோசித்தால் அது புரிகிறது. அன்றைக்குக் கேட்டதெல்லாம் கூண்டுக் கதவு வெளியிலிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம்தான். முன்பக்கத்துக்கும் கூண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. லோடு ஏறிவிட்டால் கட்டுகள் அதை அடைத்துவிடும். வெளிச்சம் வராது, பேச்சு மட்டும் வரும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நான் அந்தக் கோடை முழுவதும் வெந்தேன்.

அவளுக்கு வாயில் ஒரே வார்த்தைதான். ஏன். ஏன் மாமா லாரி பின்னால மட்டும் ரெட்டைச் சக்கரம், ஏன் மாமா இங்கன மண்ணு கறுப்பா இருக்கு, ஏன் மாமா கரண்டுக் கம்பியில உக்காந்த காக்காவுக்கு ஒண்ணும் ஆகலை. அப்பா எட்டாவதோடு நின்றவர். பாதிக்கு மேல் அவருக்குப் பதில் தெரியாது. தெரியாததில் அவருக்கு வெட்கமும் இல்லை. "தெரியலியே தாயி, கேட்டுப் பாப்பமா?" என்பார். அடுத்த நிமிஷம் வண்டி நிற்கும். எதிரே வருகிற லைன்மேனையோ, கிணறு வெட்டுகிறவரையோ நிறுத்தி அவளை விட்டே கேட்க வைப்பார். ஆர்டர் தாமதமானால் முதலாளி கத்துவார் என்று எனக்கு மூத்திரம் போகக்கூட நிறுத்த யோசித்த மனுசன்.

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு கம்பெனி. வாசலை ஒட்டியே லேபிள் குடோன், அதைத் தாண்டிப் பிள்ளைகள் போகக்கூடாது. சாப்பாட்டு நேரத்தில் உள்ளே வேலை பார்க்கும் பெண்கள் தண்ணீர்த் தொட்டியில் கை கழுவ வருவார்கள். கையெல்லாம் வெள்ளிப் பொடி மின்னும். அதில் ஒரு அக்காவின் முந்தானையில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. இவள் என்ன என்று கேட்டாள். "பச்சை உப்பும்மா, தொட்டுராத" என்றார் அந்த அக்கா.

"வெள்ளையாத்தான இருக்கு. அப்புறம் ஏன் பச்சை உப்புங்கீக?"

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். "எரியும்போது பாரு, பச்சைப் பசேல்னு எரியும். மத்தாப்புல பச்சை எதுல வருதுன்னு நெனச்ச?" என்றார் அக்கா.

இவள் விடவில்லை. "அப்ப எரியிறதுக்கு முன்னால அந்தப் பச்சை எங்கன ஒளிஞ்சிருக்கு?"

அக்கா சிரித்துக்கொண்டே கையைக் கழுவப் போய்விட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அச்சாபீஸ், டீக்கடை, வீடு என்று போன இடமெல்லாம், "எங்கன ஒளிஞ்சிருக்குன்னு கேட்டா பாருங்க, என் தங்கச்சி மக" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். நானும் அந்த முந்தானையைப் பார்த்தேன். அதே கேள்வி எனக்கும் வந்தது. அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான். இதை நீங்கள் நம்பவேண்டும்.

ஒருநாள் அத்தை வீட்டுக்குச் சாமான் கொடுக்க ஆலங்குளம் போனோம். குவாரி ஓரத்தில் வண்டி நின்றபோது, இவள் வண்டி முன்னால் திருஷ்டிக்குக் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்தெடுத்து, சுண்ணாம்புக்கல் பொடியில் பிழிந்துவிட்டாள். பொடி சலசலவென்று நுரைத்தது. திருஷ்டிப் பழத்தை நான் தொட்டிருந்தால் கை உடைந்திருக்கும். அப்பாவோ முட்டிபோட்டு உட்கார்ந்து அந்த நுரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு சொட்டு விடு தாயி" என்றார். வண்டியைக் காக்கவேண்டிய பழம் இவள் விளையாட்டுக்குப் போனது. எனக்கும் நுரை பொங்கியதைக் கிட்டே போய்ப் பார்க்க ஆசைதான். கட்டு சரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நானும் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். ஒருதரம் டீக்கடைக்காரர் என்னைக் காட்டி, "இந்தப் புள்ள ஒண்ணும் கேக்காதா?" என்றார். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே, "அவளுக்கு எல்லாம் தெரியும்யா. அதான் கேக்கமாட்டா" என்றார். என்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அந்தக் கோடையில் அதுதான். அதன்பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்? கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே.

இப்போது கூண்டில் இருந்த ஒரு ஓட்டையைப் பற்றிச் சொல்கிறேன். சாத்தூர் ரோட்டில் மதிய வெயில். முன்னாலிருந்து இவள் குரல். "மாமா, அங்கன ரோட்டுல தண்ணி கெடக்கு. கிட்டப் போனா காணமே, ஏன்?" வழக்கம்போல, "தெரியலியே தாயி, எறங்கி நடந்து பாப்பமா?" வண்டி ஓரமாக நின்றது. கதவுகள் திறந்து மூடின. என்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. தகரம் அனலாய்க் கொதிக்க, இருட்டில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அழுகையினூடே, எதிரே அடுக்கியிருந்த லேபிள் கட்டின் வெள்ளைத் தாளில் ஏதோ அசைவது தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அப்பா. தலை கீழே, கால் மேலே. தோளில் அவருடைய சிவப்புத் துண்டு, சிவப்பாகவே. பக்கத்தில் ரெட்டைச் சடை, அதுவும் தலைகீழ். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு தாளின் மேல் நடந்தார்கள். அவர்களுக்கு அடியில் நீலமாக வானம் இருந்தது.

பயத்தில் கத்தத்தான் வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். என் பின்னால் கூண்டின் பக்கவாட்டுத் தகரத்தில் ஒரு போல்ட் கழன்று விழுந்த ஓட்டை, துவரம்பருப்பு அளவு. விரலை வைத்தால் அப்பாவும் அவளும் மறைந்தார்கள். எடுத்தால் திரும்பி வந்தார்கள். வண்டி கிளம்பியதும் மரங்கள் வந்தன. எல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வெளியே பின்னால் ஓடவேண்டிய மரங்கள் தாளில் வண்டியோடு சேர்ந்து முன்னால் ஓடின. ஏன் தலைகீழ், ஏன் முன்னால் என்று ஆயிரம் ஏன் என் வாய்க்குள் முட்டின. ஒன்றைக்கூட வெளியே விடவில்லை. சொன்னால் அவள் வந்துவிடுவாள். அப்பாவும் அவளுமாக உட்கார்ந்து பார்ப்பார்கள், அதுவும் அவளுடையது ஆகிவிடும். என்னிடம் இருந்தது அந்த ஓட்டை மட்டும்தான்.

அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். முன்சீட்டு ஆசை விடவில்லை.

பட்டாசுக் கம்பெனி வாசலில் என்ன நடக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். செருப்பு வெளியே, கொலுசும் ஹேர்பின்னும் வெளியே, பீடி தீப்பெட்டி எல்லாம் காவல்காரர் பக்கத்தில் இருக்கும் தகர டப்பாவில். யாராக இருந்தாலும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். எங்களை மட்டும் டிரைவர் பிள்ளைகள் என்று சும்மா விடுவார், அவள் பையை மட்டும் ஒருதரம் குலுக்குவார். ஒரு காலையில் எங்கள் அடுப்படியிலிருந்து, எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு மூலை கறுத்துப்போன தீப்பெட்டியை எடுத்து அவள் பைக்குள் அடியில் வைத்தேன். உள்ளே ஐந்தாறு குச்சி இருந்திருக்கும். அவளுக்குத் திட்டு விழும், மறுநாள் அவளை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள், முன்சீட்டு எனக்குத் திரும்பும். பத்து வயசில் என் புத்தி அந்த மட்டும்தான் ஓடியது.

காவல்காரர் பையைக் குலுக்கினார். குச்சிச் சத்தம் கேட்டது. அவர் முகம் செத்துவிட்டது. பையைத் தரையில் கொட்டினார். கல்லும் இறகும் வளையல் துண்டும் நடுவே அந்தத் தீப்பெட்டி. உள்ளேயிருந்து மேனேஜர் ஓடிவந்தார்.

"முந்நூறு பேரு உள்ள வேலை பாக்காக டிரைவரே. எத்தன தாலி அது? வேடிக்கை காட்டவா புள்ளைகளக் கூட்டியாறீரு?"

அப்பா தோளிலிருந்து துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. "தெரியாமச் செஞ்சிட்டா ஐயா. பச்சை உப்பு எரியிறதப் பாக்கணும்னு ஆசைப்பட்டிருப்பா. எதையும் சோதிச்சுப் பாக்கிற புள்ள" என்றார்.

ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன கேள்வியே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. நீதானா என்று ஒருவர்கூட அவளிடம் கேட்கவில்லை. கேட்கிற பிள்ளை தீயும் வைக்கும் என்று எங்கள் பெரியவர்கள் கணப்பொழுதில் முடிவு கட்டிவிட்டார்கள். வெடிக்குப் பயந்து வாழ்கிற ஊர், அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. அவள் குனிந்து தீப்பெட்டியைப் பார்த்தாள். கறுத்த மூலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காக்காயிலிருந்து கல்வரைக்கும் ஏன் ஏன் என்று கேட்டவள், அதை மட்டும் கேட்கவில்லை.

இறக்காத லோடோடு திரும்பும்போது அப்பா எங்கள் இருவரையும் கூண்டுக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார். அவள் கட்டுகளின் மேல் முகத்தைப் புதைத்து விம்மிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இல்லாமல் இல்லை. ஆனால் அவள் தலையைத் தூக்கினால் எதிரே தாளில் மரங்கள் ஓடுவதைப் பார்த்துவிடுவாளே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நகர்ந்துபோய் ஓட்டையை முதுகால் அடைத்துக்கொண்டேன். சிவகாசி வரும்வரை அசையவில்லை. தகரம் முதுகைச் சுட்டது.

அப்புறம் என்ன. பிள்ளைகள் வண்டியில் வரக்கூடாது என்று அச்சாபீஸ் முதலாளி சொல்லிவிட்டார். அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அந்தக் கம்பெனியில் சீசன் முடியும்வரை அப்பா வாசலுக்கு வெளியேதான் நின்றார், வேறு ஆட்கள் வந்து கட்டுகளை இறக்கிக்கொண்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியான அத்தை அவளைத் துடைப்பத்தால் அடித்து, "இனி ஏன்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சு, சூடு போட்டுருவேன்" என்றாள். பிள்ளை பிறந்து அவர்கள் ஆலங்குளம் போனார்கள். அவளைப் பத்தாவதோடு நிறுத்திக் கட்டிக்கொடுத்தார்கள். நான் டீச்சராகி முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தினேன். ஊசித்துளைக் காமிரா என்று ஒரு பாடம் வரும். கரும்பலகையில் நேர்மரமும் தலைகீழ் மரமும் வரைந்து கோடு போடுவேன். "டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீகளா?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்றேன்.

கல்யாணம் முடிந்து திரும்பும் வழியில், ஒரு டீக்கடையில் மகன் காரை நிறுத்தினான். வரும் வழியெல்லாம் அவள்தான் முன்சீட்டில், அவனோடு ஓயாத பேச்சு. இந்த வண்டிக்கு வழி சொல்லுத பொம்பள எங்கன இருந்து பாக்கா, மேலருந்தா என்று கேட்டு அவனைச் சிரிக்க வைத்தாள். அவன் என்னிடம் அப்படிச் சிரித்துப் பேசி எத்தனை நாளாச்சு. நான் உம்மென்று டீ குடித்தேன். அவன் காருக்குப் போனதும், அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும். அந்தத் தீப்பெட்டிய ஏன் வச்சீக?"

கோபம் இல்லை. பச்சை எங்கன ஒளிஞ்சிருக்கு என்று கேட்ட அதே முகம். மகன் காருக்குள் உட்கார்ந்துவிட்டானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

"உனக்காகத்தான் அப்பா வண்டிய நிப்பாட்டுனாரு. எனக்காக ஒரு நாளும் நிப்பாட்டலை" என்றேன்.

"நிப்பாட்டச் சொல்லிக் கேட்டீகளா?"

கேட்டதில்லை. சரி, இனி எதற்கு மறைக்கவேண்டும் என்று அந்த ஓட்டையைப் பற்றிச் சொன்னேன். தாளில் நடந்த அப்பா, சிவப்புத் துண்டு, அவள் சடை, ஓடிய மரங்கள் எல்லாம். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள்.

"தலைகீழாவா? மாமாவா? கலரோடயா?" ஒவ்வொன்றாகக் கேட்டாள். "மரம் எந்தப் பக்கம் ஓடுச்சு?" என்றாள். முன்னால என்றேன். உள்ளங்கையை நிமிர்த்திக் கவிழ்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு கோடை முழுக்க அது என் முகத்தில் இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

"முன்சீட்டுல உக்காந்து நான் ரோட்டத்தான் பாத்திருக்கேன்" என்றாள். அப்புறம் ஏதோ நினைவு வந்தவளாக, "கடைசி நாளு நானும் உள்ளதான இருந்தேன்? எனக்குத் தெரியலையே."

"முதுக வச்சு அடைச்சிக்கிட்டேன்."

"தீப்பெட்டியக்கூட விட்டுருதேன் மதினி. சின்னப் புள்ளைக, ஏதோ செஞ்சோம். இத எப்படி விடுறது? மாமாகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. கேட்டிருந்தாருன்னா ரோட்டுலயே வண்டியப் போட்டுட்டு, பின்னால ஏறி உங்க பக்கத்துல வந்து உக்காந்திருப்பாரு. நல்லாத் தெரியட்டும்னு கதவயும் சாத்தச் சொல்லியிருப்பாரு."

அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த வண்டி அதற்கு வெகுகாலம் முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவள் சொன்னது நடந்திருக்கும் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது.

மகன் ஹாரன் அடித்தான். நான் போய்ப் பின்னால் ஏறினேன். அவன் திறந்து வைத்திருந்த முன்கதவை அவள் சாத்திவிட்டு, என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"தள்ளி உக்காருங்க" என்றாள்.

தள்ளி உட்கார்ந்தேன்.